விமானப் பணிப்பெண் நீர்ஜா பனோட்
இருபத்து மூன்று வயது நிறைவதற்கு முன் முடிந்த ஒரு வாழ்க்கை

விஷ்ராந்த்வாடி, தானோரி, டிங்கரே நகர் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயப் பொருள் அல்ல. லோஹகாவ் விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் காலை முதல் இரவு வரை தலைக்கு மேல் இரைச்சல்தான். விமானப்படை விமானமும் பறக்கிறது, பயணிகள் விமானமும் பறக்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டு வளரும் நம் வீட்டுப் பெண்களில் சிலர், பன்னிரண்டாவது முடித்த கையோடு, தாங்களும் விமானப் பணிப்பெண் ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். தொழிற்சாலையிலும் ஆபீசிலும் வேலை பார்க்கும் தகப்பனார்களுக்கு இது சங்கடமான கேள்வி. அது கௌரவமான வேலைதானா, அழகு மட்டும் பார்த்து எடுக்கிறார்களா, தட்டு ஏந்துவதற்கா பெண்ணைப் படிக்க வைத்தோம் என்றெல்லாம் யோசிக்கிறார்கள்.

இக்கேள்விகளுக்கு விளம்பரத்தாள்களில் பதில் கிடைக்காது. அந்த வேலையைப் பார்த்து, அந்த வேலையிலேயே உயிரை விட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கிடைக்கும். அவர் பெயர் நீர்ஜா பனோட். 1986-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி கராச்சி விமான நிலையத்தில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

பிறப்பும் படிப்பும்

நீர்ஜா 1963-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சண்டீகரில் பிறந்தார். தந்தை ஹரீஷ் பனோட் பத்திரிகையாளர். இந்துஸ்தான் டைம்ஸ் நாளேட்டில் பணி புரிந்தவர். தாயார் ரமா. இரண்டு ஆண் பிள்ளைகளுடன் பிறந்த ஒரே பெண் நீர்ஜா. வீட்டில் அவரை லாடோ என்று செல்லமாக அழைப்பார்கள்.

பெரும் பணக்காரக் குடும்பம் என்று சொல்லமுடியாது. மாதச் சம்பளத்தில் நடந்த, படித்த, நடுத்தரக் குடும்பம். தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் சண்டீகரை விட்டுப் பம்பாய் வந்து சேர்ந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வேறு பாஷை பேசும் இடத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நீர்ஜா சண்டீகரில் சேக்ரட் ஹார்ட் பள்ளியிலும், பம்பாயில் பாம்பே ஸ்காட்டிஷ் பள்ளியிலும், பிறகு செயின்ட் சேவியர் கல்லூரியிலும் படித்தார்.

பம்பாயில்தான் அவருக்கு விளம்பரப் படங்களில் தோன்றும் வாய்ப்பு வந்தது. பற்பசை, சோப்புத் தூள், முகக்களிம்பு என்று வீட்டு உபயோகச் சாமான்களின் விளம்பரங்களில் அவர் முகம் வெளிவந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் பெயர் தெரியாமலேயே அவரைப் பார்த்திருப்பார்கள்.

கல்யாணமும் திரும்பி வந்த பெண்ணும்

1985-ம் ஆண்டு மார்ச் மாதம் பெற்றோர் பார்த்து நீர்ஜாவுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். நீர்ஜாவும் அங்கே போனார். அந்த இல்லறம் இரண்டு மாதம்தான் நிலைத்தது. வரதட்சணை நெருக்குதலும், கைச்செலவுக்கே வழியில்லாத நிலையும் மகளை வாட்டின என்று பெற்றோர் பின்னாளில் தெரிவித்தார்கள். ஒப்புக்கொண்ட ஒரு விளம்பர வேலைக்காகப் பம்பாய் வந்த நீர்ஜா திரும்பிப் போகவில்லை.

புகுந்த வீட்டிலிருந்து பெண் திரும்பி வந்தால் நம் சமூகத்தில் என்ன பேசுவார்கள் என்பது தெரிந்ததே. நாற்பது வருடங்களுக்கு முன்பு பேச்சு இன்னும் கடுமையாக இருந்தது. அனேக வீடுகளில் பெண்ணுக்குப் புத்தி சொல்லி மறுபடியும் அனுப்பி வைப்பார்கள். பனோட் குடும்பத்தார் அப்படிச் செய்யவில்லை. மகளைத் தங்களோடு வைத்துக் கொண்டார்கள். மகளும் மூலையில் உட்காரவில்லை. சொந்தக் காலில் நிற்க ஒரு வேலை தேடினார்.

பான் ஆம் கம்பெனியில் சேர்ந்தது

பான் அமெரிக்கன் என்பது அந்நாளில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க விமானக் கம்பெனி. சுருக்கமாகப் பான் ஆம் என்பார்கள். 1985-ல் அக்கம்பெனி, பிராங்பர்ட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடும் தன் விமானங்களில் இந்தியர்களையே பணியாளர்களாக அமர்த்த முடிவு செய்தது. விளம்பரம் கண்டு நீர்ஜாவும் மனுப் போட்டார். சுமார் பத்தாயிரம் மனுக்கள் வந்ததாகவும், எண்பது பேர் வரை தேர்வானதாகவும் சொல்லப்படுகிறது. அந்த எண்பதில் நீர்ஜா ஒருவர்.

பயிற்சிக்காக அவர் அமெரிக்காவில் உள்ள மியாமி நகருக்கு அனுப்பப்பட்டார். பணிப்பெண்ணாகப் போனவர் பர்ஸர் பொறுப்புக்குத் தகுதி பெற்றுத் திரும்பினார். பர்ஸர் என்பவர் விமானத்தின் பயணிகள் பகுதிக்குத் தலைமைப் பொறுப்பாளர். ரயில்வேயில் உள்ளவர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், என்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் வண்டி முழுவதற்கும் கார்டு பொறுப்பாவது போல.

கார்டு என்றால் பச்சைக்கொடி காட்டுகிறவர் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பின்பக்கம் நடந்து போய்த் தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகளை வைத்து, அடுத்த வண்டி வந்து மோதாமல் காப்பது அவர் கடமை என்பது பலருக்குத் தெரியாது. விமானப் பணியும் அப்படியே. காப்பி கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் பயிற்சியில் பெரும்பகுதி செலவாகிறது. கதவைத் திறப்பது, சறுக்குப் பாதையை விரிப்பது, தீயணைப்பது, புகைக்குள் வழி காட்டுவது, தண்ணீரில் இறங்கினால் மிதவையில் ஏற்றுவது, முதலுதவி செய்வது, கடத்தல்காரர் ஏறினால் நடந்துகொள்ளும் முறை, இவ்வளவும் அதில் அடங்கும்.

கடத்தலைச் சமாளிக்கும் பயிற்சியைப் பற்றிக் கேட்ட தாயார் பயந்து, இந்த வேலையே வேண்டாம் என்றாராம். எல்லாத் தாய்மார்களும் இப்படிச் சொல்லிவிட்டால் நாட்டின் கதி என்ன ஆவது என்று மகள் கேட்டு வாயடைத்ததாகக் குடும்பத்தார் நினைவு கூர்வதுண்டு.

அந்நாளைய விதிகள்

இந்த இடத்தில் அந்தக் காலத்து நிலைமையையும் சொல்லவேண்டும். உலகில் முதல் விமானப் பணிப்பெண் எலென் சர்ச் என்ற அமெரிக்க நர்ஸ். 1930-ம் ஆண்டு மே 15-ந் தேதி அவர் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து சிகாகோ சென்ற விமானத்தில் வேலை பார்த்தார். அவரோடு சேர்த்து எட்டு நர்ஸ்களைக் கம்பெனி எடுத்தது. நோய்வாய்ப்படும் பயணியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதே காரணம். ஆரம்பத்தில் இது செவிலியர் வேலையாகத்தான் இருந்தது. அழகும் அலங்காரமும் பிறகு வந்து சேர்ந்தவை.

அப்படி வந்து சேர்ந்தவற்றோடு அநியாயமான விதிகளும் வந்தன. நம் நாட்டு ஏர் இந்தியாவிலேயே, பணிப்பெண் முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெறவேண்டும், சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தாலோ முதல் முறை கர்ப்பம் தரித்தாலோ வேலை போய்விடும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1981-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்குவது செல்லாது என்றது. ஆனால் நான்கு வருடக் கல்யாணத் தடையைக் கோர்ட் அப்போது ரத்து செய்யவில்லை. இப்படிப்பட்ட காலத்தில்தான், மணமாகிப் பிரிந்து வந்த ஒரு பெண் பான் ஆம் விமானத்தில் பர்ஸர் ஆனார்.

கராச்சியில் ஒரு நாள்

1986 செப்டம்பர் 5-ந் தேதி பொழுது விடியுமுன் பான் ஆம் 73-ம் எண் விமானம் பம்பாயிலிருந்து கிளம்பியது. கராச்சி, பிராங்பர்ட் வழியாக நியூயார்க் போகவேண்டிய ஜம்போ விமானம். அமெரிக்க விமானிகளும், பதின்மூன்று இந்தியப் பணியாளர்களும் அதில் இருந்தனர். கராச்சியில் சிலர் இறங்கியபின் விமானத்தில் 350-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இந்தியர்களும் பாகிஸ்தானியரும் அமெரிக்கரும் அதில் அடக்கம்.

காலை ஆறு மணி சுமாருக்கு, விமான நிலையக் காவலர் போல உடையணிந்த நான்கு பேர் ஒரு வேனில் வந்து, துப்பாக்கியுடன் படிகளில் பாய்ந்து ஏறினார்கள். அவர்கள் அபு நிடால் என்ற பாலஸ்தீனத் தீவிரவாதக் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள். விமானத்தை சைப்ரஸுக்குக் கொண்டுபோய் அங்கே சிறையிலுள்ள தங்கள் ஆட்களை மீட்பது அவர்கள் திட்டம்.

பணியாளர்கள் உடனே விமானி அறைக்குக் கடத்தல் எச்சரிக்கையைத் தந்துவிட்டார்கள். விமானிகள் மூவரும் தங்கள் அறையின் கூரையிலுள்ள அவசர வழியாக வெளியே இறங்கித் தப்பினார்கள். இதைக் கோழைத்தனம் என்று எண்ணக்கூடாது. ஓட்டுகிறவர் இல்லாவிட்டால் விமானம் கிளம்பாது, கடத்தல்காரர் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. விமானம் தரையிலேயே நின்றது. அதன் பிறகு பயணிகளுக்கு மிஞ்சிய துணை நீர்ஜாவும் அவருடைய சக பணியாளர்களும்தான்.

விமானியை அனுப்பு என்று கேட்டுத் தாமதம் ஆனதும், இந்திய வம்சாவளி அமெரிக்கப் பயணி ஒருவரைக் கதவருகே நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் சேகரிக்கும்படி பணிப்பெண்களுக்குக் கட்டளையிட்டார்கள். அமெரிக்கர்கள் யார் என்று கண்டுபிடித்துக் கொல்லும் நோக்கம் என்பது பணியாளர்களுக்குப் புரிந்துவிட்டது. சேகரித்தபோதே அமெரிக்க பாஸ்போர்ட்டுகளை இருக்கைக்கு அடியிலும் குப்பைத் தொட்டிகளிலும் மறைத்துவிட்டார்கள். கேட்டதைக் கொடுத்தது போலவும் ஆயிற்று, ஆளைக் காட்டிக் கொடுக்காமலும் ஆயிற்று. துப்பாக்கி முனையில் நின்றுகொண்டு செய்த காரியம் இது.

சுமார் பதினாறு மணி நேரம் இப்படியே கழிந்தது. பயணிகளுக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்து, அழும் குழந்தைகளைத் தேற்றி, கடத்தல்காரர்களின் கோபம் கிளம்பாமல் பேசிச் சமாளித்தபடி பணியாளர்கள் நடமாடினார்கள். இரவில் விமானத்துக்கு மின்சாரம் தரும் துணை என்ஜின் எரிபொருள் தீர்ந்து நின்றது. விளக்குகள் மங்கி அணைந்தன. ராணுவம் தாக்க வருகிறது என்று எண்ணிய கடத்தல்காரர்கள் பயணிகள் மீது சரமாரியாகச் சுட்டார்கள். கையெறி குண்டுகளையும் வீசினார்கள்.

இருட்டில் பணியாளர்களும் பயணிகளும் கதவுகளைத் திறந்தார்கள். சில கதவுகளில் சறுக்குப் பாதை விரிந்தது. வேறு சில இடங்களில் இறக்கை மீது இறங்கி, அங்கிருந்து தரையில் குதித்துக் கைகால் முறிந்தவர்கள் உண்டு. நீர்ஜாவும் ஒரு கதவைத் திறந்தார். கதவருகே நின்ற அவர் முதல் ஆளாக வெளியே போயிருக்க முடியும். போகவில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். குழந்தைகளைக் குண்டு படாமல் மறைத்தபோது அவர் மீது குண்டு பாய்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அன்று குறைந்தது இருபது பேர் இறந்தார்கள்; நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது நீர்ஜாவின் பெயர் மட்டும் வருகிறது. உடன் இருந்த பன்னிரண்டு பேரும், ஆண்களும் பெண்களுமாக, அதே ஆபத்தில் அதே கடமையைச் செய்தார்கள். உயிர் பிழைத்த பணியாளர்கள் பல வருடம் மௌனமாக இருந்து, 2016-ல் முன்வந்து, அது கூட்டு முயற்சி என்பதை விளக்கினார்கள். அதனால் நீர்ஜாவின் பெருமை குறையாது. அவருடைய பயிற்சி எத்தகையது என்பதுதான் தெளிவாகும்.

அதன் பிறகு

1987-ல் இந்திய அரசு நீர்ஜாவுக்கு அசோக சக்கர விருது அளித்தது. சமாதான காலத்தில் வீரத்துக்குத் தரப்படும் மிக உயர்ந்த விருது அது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர். பாகிஸ்தான் அரசும் அவரைக் கௌரவித்தது. பகை நாடு என்று பேசப்படும் ஒரு நாடு நம் ஊர்ப் பெண்ணுக்கு விருது கொடுப்பது அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. 2004-ல் இந்தியத் தபால் இலாகா அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. மும்பை காட்கோபர் கிழக்கில் ஒரு நாற்சந்திக்கு அவர் பெயர். 2016-ல் அவர் வாழ்க்கை இந்தியில் திரைப்படமாகவும் வந்தது.

கடத்தல்காரர்களுக்குப் பாகிஸ்தான் கோர்ட் மரண தண்டனை விதித்து, அது பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவர்களின் தலைவன் 2001-ல் அமெரிக்கரிடம் பிடிபட்டு, அங்கே 160 வருடச் சிறைத் தண்டனை பெற்றான். பான் ஆம் கம்பெனி 1991 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இவை எல்லாவற்றையும் விட மேலானது, பெற்றோர் செய்த காரியம். மகளுக்காக வந்த இன்ஷூரன்ஸ் தொகையை அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கொடுத்த பணத்தையும் சேர்த்து மகள் பெயரில் ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். அந்த டிரஸ்ட் இரண்டு விருதுகளை ஏற்படுத்தியது. ஒன்று, கடமைக்கு மேல் கடமை செய்யும் விமானப் பணியாளருக்கு. மற்றொன்று, வரதட்சணை, கைவிடப்படுதல் போன்ற கொடுமையை எதிர்த்து நின்று, தன்னைப் போல் அவதிப்படும் மற்ற பெண்களுக்கும் உதவும் இந்தியப் பெண்ணுக்கு. மகள் வாழ்க்கையின் இரண்டு பாதிகளையும் பெற்றோர் மறைக்கவில்லை. திரும்பி வந்த பெண் என்பதை அவர்கள் வெட்கமாக எண்ணியிருந்தால் இரண்டாவது விருது வந்திருக்காது.

நம் பெண்களுக்கு

இப்போது இந்த வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். பெரும்பாலான இந்திய விமானக் கம்பெனிகள் பன்னிரண்டாவது தேறியவர்களை எடுக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெண்களுக்கு உயரம் சுமார் 155 சென்டிமீட்டர் கேட்கிறார்கள். உயரத்துக்குத் தக்க எடை, நல்ல கண் பார்வை, உடையில் தெரியும் இடத்தில் பச்சை குத்தாமல் இருத்தல், பாஸ்போர்ட் ஆகியவை தேவை. ஆண்களும் மனுச் செய்யலாம்.

இங்கிலீஷும் இந்தியும் தடையில்லாமல் பேச வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று நான்கு பாஷையோடு வளர்கிறார்கள். நாம் குறையாக நினைத்தது அங்கே தகுதியாகிறது. இங்கிலீஷ் பேச்சில் தயக்கம் இருந்தால் இப்போதே தினமும் ஒரு பத்திரிகையை உரக்கப் படித்துப் பழகலாம்.

முக்கியமான விஷயம் பணம். ஏர் ஹோஸ்டஸ் பயிற்சி என்ற பெயரில் பெருந்தொகை வாங்கும் பள்ளிகள் நகரெங்கும் உள்ளன. பேச்சும் நடை உடையும் அங்கே கற்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்று சட்டம் இல்லை. வேலைக்கு எடுத்தபின் பாதுகாப்புப் பயிற்சியை விமானக் கம்பெனியே கொடுத்தாக வேண்டும். பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ கட்டுவதற்கு முன் இதை யோசிக்கவும். இன்டர்வியூவுக்குப் பணம் கேட்பவர், வேலை நிச்சயம் என்று முன்பணம் கேட்பவர் யாராயினும் நம்ப வேண்டாம். விமானக் கம்பெனியின் சொந்த அறிவிப்பைப் பார்த்து நேரே மனுச் செய்வதே வழி.

தேர்வானவர்களுக்குக் கம்பெனி நடத்தும் பயிற்சியில் பரீட்சை உண்டு. தோற்றால் பறக்க முடியாது. ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளராவது இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. பாதி கதவுகளை மட்டும் பயன்படுத்தி, விமானம் முழுவதையும் தொண்ணூறு விநாடியில் காலி செய்ய முடியும் என்று நிரூபித்த பிறகே பெரிய விமானங்களுக்குப் பறக்க அனுமதி கிடைக்கிறது. அந்தத் தொண்ணூறு விநாடிக்காகத்தான் சம்பளம் என்று வைத்துக் கொள்ளலாம். மற்றபடி அகால நேரத்தில் எழுந்து போவது, பண்டிகை நாளில் வீட்டில் இல்லாமல் இருப்பது, மணிக்கணக்கில் நிற்பது எல்லாம் சகஜம். ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

பெண் இந்த வேலைக்குப் போகட்டுமா என்று கேட்கும் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தைரியமும் நிதானமும் உள்ள பெண்ணா என்று பாருங்கள். நிறத்தைப் பார்க்க வேண்டாம். நீர்ஜாவின் பெற்றோர் மகளைத் தடுத்து வீட்டில் வைத்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கலாம். அன்று விமானத்தில் இருந்த பலர் இருந்திருக்க மாட்டார்கள். எந்தத் தாயும் தகப்பனும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து மனம் ஆறமுடியாது. ஆயினும் ரமா அம்மையாரும் ஹரீஷ் பனோட்டும் மகளை வேலைக்கு அனுப்பியதைத் தவறு என்று சொல்லவில்லை. தந்தையும், 2015-ல் தாயாரும் காலமாகும் வரை, மகள் பெயரில் மற்ற வீட்டுப் பெண்களுக்கு விருது கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.